பாசி படித்த மேதை எம்.ஓ.பி. ஐயங்கார்

எலப்புள்ளி போன்ற பாலக்காட்டு கிராமங்களில் குளத்தில் இறங்குபவர்கள், மிதக்கும் ஆகாயத்தாமரையைக் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் முழுக்குப் போடுவார்கள். அப்போது அதன் வேரிலுள்ள வழவழப்பு விரலில் ஒட்டும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசிகளும் டயாட்டம்களும் குடியிருக்கும் இடம் அது. நத்தைக்கும் மீன்குஞ்சுக்கும் அவையே ஆகாரம். அசோலா என்ற மிதக்கும் சிறு பெரணியின் இலைக்குழிக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசியோ, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நெல்வயலுக்கு உரமாக்கித் தருகிறது.

இத்தகைய பாசிகளைப் பற்றிய படிப்பு நம் நாட்டில் வேரூன்றக் காரணமானவர், நம் சமூகத்தில் பிறந்த பேராசிரியர் மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அறிஞர்கள் அவரைப் போற்றுகின்றனர்.

1886 டிசம்பர் 15 அன்று சென்னையில் பிறந்த அவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று 1909-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். ராஜமுந்திரியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய பின், 1920-ல் தாம் படித்த மாநிலக் கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

பேரும் பதவியும் கிடைத்த பிறகும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. 1930-ல், 43 வயதில், லண்டன் சென்று பாசியியல் மேதை ஃபிரிட்ஷிடம் மாணவராக அமர்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ஈரச் சேற்றில் வளரும் புதுவகைப் பாசி ஒன்றை 1932-ல் உலகுக்கு அறிவித்தபோது, குருவின் நினைவாக அதற்கு ஃபிரிட்ஷியெல்லா என்று பெயர் சூட்டினார். நீரில் வாழ்ந்த பாசியிலிருந்து நிலத்துச் செடிகள் தோன்றிய விதத்தை விளக்க, இன்றும் தாவரவியல் பாடங்களில் இதை உதாரணம் காட்டுகிறார்கள்.

பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்து பல மாணவர்களை உருவாக்கினார். 1963 டிசம்பரில் அவர் காலமானபோது, வால்வாக்ஸ் இனப் பாசிகளைப் பற்றிய பெருநூல் வெளிவராமலே இருந்தது. சிஷ்யர் டி.வி. தேசிகாச்சாரி அதை நிறைவு செய்து, ஆசிரியர் பெயரை முன்வைத்து 1981-ல் வெளிக்கொணர்ந்தார். குருவுக்கு ஒரு பாசியின் பெயரைக் காணிக்கையாக்கியவருக்கு, அவர் சிஷ்யர் செய்த காணிக்கை ஒரு நூல்.

எந்த ஊரில் வசித்தாலும், விடுமுறையில் கிராமத்துக்குப் போகும் அன்பர்கள் குழந்தைகளைக் குளத்தங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மிதக்கும் செடியின் வேரிலிருந்து ஒரு சொட்டு நீரை நுண்ணோக்கியில் காட்டுங்கள். குளம் தூர்ந்து போனால் அந்தச் சொட்டும் இல்லை, ஐயங்கார் ஆயுள் முழுதும் படித்த அந்த உலகமும் இல்லை.