ஜக்சன் கட்டிய மனை

ஐக்கிய அமெரிக்காவின் ரெனசி மாநிலத்திலே, நாஷ்வில் நகருக்கு அணித்தாக, முகப்பில் உயர்ந்த வெண்டூண்கள் நிரைத்து நிற்கும் மாளிகையொன்று உளது. அதன் பெயர் ஹேமிற்றேஜ். துறவியின் உறைவிடம் என்பது அதன் பொருள். அதில் வாழ்ந்தவரோ துறவியல்லர். போர்த் தலைவர், பருத்தித் தோட்டமுடையார், அந்நாட்டின் ஏழாவது சனாதிபதி. அவரே அன்ட்ரூ ஜக்சன்.

1767ஆம் ஆண்டு ஜக்சன் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே தந்தையார் இறந்துபட்டார். பிரித்தானியருக்கு எதிரான விடுதலைப் போரில் மூத்த தமையன் மாண்டான். 1781இல், பதினான்கு வயதினராய்ச் சிறைப்பட்ட ஜக்சன், ஆங்கில அதிகாரியொருவனின் சப்பாத்தைத் துடைக்க மறுத்து வாள்வெட்டுப் பெற்றார். அவருடன் சிறையிருந்த மற்றைத் தமையனை வைசூரி கொண்டது. சிறைப்பட்டோருக்குப் பணிவிடை செய்யச் சென்ற அன்னையும் நோயுற்று மாண்டார். அவ்வாண்டு முடியுமுன் அச்சிறுவனுக்குப் பெற்றோருமில்லை, உடன்பிறந்தாருமில்லை.

பின்னர் அவர் சட்டம் பயின்று மேற்றிசைக் குடியேற்றங்களுக்குச் சென்று உயர்ந்த கதை பலரறிந்தது. 1804இல் ஹேமிற்றேஜ் நிலத்தை வாங்கி, மனைவி இறேச்சலுடன் மரக்குற்றிகளால் ஆய வீட்டில் வாழ்ந்தார். 1815இல் நியூ ஓர்லியன்ஸ் போரில் ஆங்கிலப் படையை வென்று புகழெய்திய பின்னரே செங்கல் மனை எழுந்தது. 1834இல் அது தீக்கிரையாக, மீண்டும் கட்டினார். இன்று காண்பது அதுவே. அதன் நடுக் கூடத்துச் சுவரில் ஒட்டிய சித்திரத்தாளிலே, தந்தையைத் தேடியலைந்த ரெலமாக்கசு என்னும் யவன இளவரசனின் கதை விரிகின்றது. தந்தை முகங் காணாத ஒருவரின் வீட்டுக்கு இதனினும் பொருந்திய சித்திரம் யாது?

இறேச்சலின் முதன்மணம் முறையாகத் தீருமுன்னரே அவரை ஜக்சன் மணந்தார் என்னும் பழியை 1828ஆம் ஆண்டுத் தேர்தலிற் பகைவர் ஊரெங்கும் தூற்றினர். தேர்தலில் வென்றார், ஆனால், பதவியேற்குமுன், அவ்வாண்டு டிசெம்பரில் மனைவியை இழந்தார். மனைத் தோட்டத்திலேயே அவரை அடக்கஞ் செய்தார்.

வீடின்றி வளர்ந்தவர் பிறர் வீட்டருமையை அறிந்திருப்பார் என்றே எவரும் எண்ணுவர். 1813இல் தம் படையினர் அழித்த கிறீக்கு மக்களின் ஊரிலே தாயை இழந்து கிடந்த குழந்தையைத் தம் மனைக்கு அனுப்பி வளர்ப்பித்தவரும் அவரே. ஆயினும் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அகற்றும் சட்டத்தில் 1830இல் ஒப்பமிட்டவரும் அவரே. அவர் பதவி நீங்கியபின், 1838இல் செரோக்கி மக்கள் வீடுவாசலினின்றும் வெளியேற்றப்பட்டனர். அந்நெடுவழியிலும் அடைப்பு முகாங்களிலும் ஏறத்தாழ 4,000 பேர் மடிந்தனர் என்பர். இவ்விரு செயலையும் ஒரே உள்ளத்திலே பொருத்திப் பார்ப்பது எமக்கு எளிதாயில்லை.

மனையின் செல்வமும் பிறர் உழைப்பே. 1804இல் ஒன்பதின்மரை அடிமைகளாக உடையவர், 1845இல் இறக்கும்போது ஏறத்தாழ 150 பேரை உடையவராயிருந்தார். சாதாரண மக்களின் தலைவர் எனப் போற்றப்பட்டவர், அச்சாதாரண மக்களுள் இவர்களை எண்ணினாரில்லை.

1856இல் மாநில அரசு மனையை வாங்கிற்று. 1889இல் மாதர் சங்கமொன்று அதனைப் பேணும் பொறுப்பை ஏற்றது. அக்காலத்திற் காண வந்தோருக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் ஆல்பிரட். அங்கேயே அடிமையாயிருந்து, விடுதலை பெற்ற பின்னும் மனைக்குப் பின்னுள்ள சிறு குடிலிலே வாழ்ந்தவர். 1901இல் அவர் இறந்தபோது ஜக்சன் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கஞ் செய்தனர். குடில் இன்றும் உளது. அவருடன் உழைத்த ஏனையோர் எங்கே அடக்கப்பட்டனர் என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 2024ஆம் ஆண்டு டிசெம்பரிலே, மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் அடிமைகளின் இடுகாடு எனக் கருதப்படும் இடத்தைக் கண்டுள்ளதாக அதன் காப்பாளர் அறிவித்தனர். குறைந்தது 28 பேர் அங்கே கிடக்கின்றனர்.