தமிழில் டாக்டர்களை உருவாக்கிய அமெரிக்கர்

நோயாளி தன் நோவைச் சொல்லுகிறான். டாக்டருக்கு அது புரியவில்லை. நடுவில் ஒருவர் நின்று மொழிபெயர்க்கிறார். இப்படி வைத்தியம் செய்தால் நோயின் வேரைப் பிடிக்க முடியுமா?

முடியாது என்று உறுதியாக நம்பினார் ஒரு டாக்டர். அவர் தமிழர் அல்ல, அமெரிக்கர். அவர்தான் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

கடல் கடந்து வந்தார்

அமெரிக்காவில் ஊஸ்டர் என்னும் ஊரில் 1822-ல் கிரீன் பிறந்தார். நியூயார்க்கில் படித்து டாக்டர் ஆனார். சொந்த நாட்டிலேயே இருந்து பொருள் ஈட்டியிருக்கலாம். ஆனால் தெய்வத் தொண்டும் வைத்தியத் தொண்டும் ஒன்றே என்று எண்ணினார். 1847-ல் மிஷன் டாக்டராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 25.

வந்ததும் தமிழ் கற்றார். மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தார். ஊர் இளைஞர்கள் சிலரைச் சேர்த்து மேல்நாட்டு வைத்தியமும் கற்பித்தார். முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது.

படித்தவர்கள் எங்கே?

பத்து ஆண்டு உழைத்தபின் ஊர் சென்ற கிரீன், 1862-ல் மனைவி மார்கரெட்டுடன் திரும்பி வந்தார். இம்முறை பாடத்தைத் தமிழிலேயே நடத்துவது என்று முடிவு செய்தார்.

காரணம் என்ன? ஆங்கிலத்தில் படித்தவர்களை அரசாங்க உத்தியோகமும் வெளியூர்ச் சம்பளமும் இழுத்தன. கிராமத்து ஏழை, டாக்டர் இல்லாமலே இருந்தான். தமிழில் படித்தவர்களோ தம் மக்களோடு தங்குவார்கள். நோயாளிக்குப் புரியும்படி பேசுவார்கள். இதுவே கிரீனின் கணக்கு.

ஆங்கிலம் படித்தால்தானே மதிப்பும் உத்தியோகமும் கிடைக்கும் என்று நினைத்தவர்கள் பலர். கிரீன் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாணவர்கள் மேல்நாட்டு உடைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. டாக்டர் ஆனாலும் ஊராரைப் போலவே உடுத்தி, உண்டு, ஊராரில் ஒருவராக இருக்கவேண்டும் என்றார். அப்படிப்பட்டவரிடம்தானே நோயாளி கூச்சமின்றி மனம் திறப்பான்!

சொல் தேடினார்

தமிழில் பாடம் நடத்தப் புத்தகம் வேண்டுமே? மாணவர்களின் துணையுடன் தாமே அந்த வேலையில் இறங்கினார். ஒரு பொருளுக்கு முதலில் தமிழ்ச்சொல் தேடினார். கிடைக்காவிட்டால் வடசொல்லை எடுத்தார். அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். இரண வைத்தியம் 1867-லும், வைத்தியாகரம் 1872-லும் வெளிவந்தன. உடற்கூறு, பிரசவம் ஆகியவை பற்றியும் நூல்கள் உண்டாயின. பெரிய சர்க்கார் செய்யவேண்டிய வேலையை ஒரு கிராமத்து வைத்தியசாலை செய்தது!

இடையே காலராவும் யாழ்ப்பாணத்தைத் தாக்கியது. பாடமும் புத்தகமும் ஒருபுறம் இருக்க, நோயாளிகளைக் கவனிக்கும் வேலை ஓயவில்லை. கிரீனின் கையில் பயின்று டாக்டர் ஆனவர்கள் 60-க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

மறக்காத மனம்

உடல் நலிந்ததால் 1873-ல் அவர் தாயகம் திரும்பினார். ஆனாலும் தமிழை விடவில்லை. கெமிஸ்தம் என்னும் ரசாயன நூல் 1875-ல் அச்சேறியது. வேறு தமிழ் நூல்களுக்காகவும் அமெரிக்காவில் இருந்தபடியே உழைத்தார்.

1884-ல் கிரீன் காலமானார். மானிப்பாய் வைத்தியசாலை பிற்காலத்தில் அவர் பெயரையே பெற்றது. ஊஸ்டரில் உள்ள அவர் கல்லறையில், தமிழர்களுக்கு வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்னும் பொருள்பட எழுதியிருக்கிறது. பிறந்த மண்ணிலே உறங்கும்போதும் அவருக்கு அடையாளம், தாம் மருந்து கொடுத்த மக்களின் பெயர்தான்.