கோவைக்கொடியைச் சோதித்த கர்னல்

வேலியிலே கோவைக்கொடி படர்ந்திருக்கும். அதன் பழம் சிவந்து தொங்கும். கிளி வந்து கொத்தும். சென்னை கே.கே. நகர்ப் பக்கம் காலி மனைகளில்கூட இந்தக் கொடியைக் காணலாம்.

வீட்டில் யாருக்காவது நீரிழிவு என்றால் போதும். கோவை இலையைத் தின்னச் சொல்வார் ஒருவர். நாவல் கொட்டைப் பொடியைச் சொல்வார் இன்னொருவர். சிறுகுறிஞ்சான்தான் சிறந்தது என்பார் மூன்றாமவர்.

இவற்றில் எது பலிக்கும்? எது பலிக்காது? இதைச் சோதித்துப் பார்க்க முன்வந்தார் ஒரு டாக்டர். அவர்தான் கர்னல் ராம்நாத் சோப்ரா.

பட்டாளத்து டாக்டர்

சோப்ரா 1882-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி குஜ்ரன்வாலாவில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. லாகூரில் படித்தார். பிறகு கப்பலேறி இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆராயும் கலையை அங்கேதான் கற்றார்.

1908-ல் ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணி புரிந்தார். 1921-ல் கல்கத்தாவில் வெப்பநாட்டு நோய் மருத்துவப் பள்ளி தொடங்கியது. சோப்ரா அங்கு பேராசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில் நல்ல மருந்துகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தன. விலை அதிகம். ஏழைக்கு எட்டாது. நம் நாட்டு மூலிகையிலிருந்தே மலிவான மருந்து செய்ய முடியாதா? இதுவே சோப்ராவின் கனவு.

இந்திய இன்சுலின்

அதே 1921-ல் கனடாவில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். சாவின் வாசலில் இருந்த நோயாளிகள் பிழைத்து எழுந்தார்கள். உலகமே வியந்தது. ஆனால் அது ஊசி மருந்து. வெளிநாட்டுச் சரக்கு.

வங்காளத்திலோ கோவைச் சாறு நீரிழிவுக்குக் கண்கண்ட மருந்து என்று ஜனங்கள் நம்பினார்கள். இன்சுலினுக்குப் பதில் இதுவே போதும் என்ற பேச்சும் இருந்தது. அது உண்மையானால் எத்தனை பெரிய பாக்கியம்! வேலியிலே இலவசமாக மருந்து!

சோப்ராவும் டாக்டர் ஜே.பி. போஸும் சோதனையில் இறங்கினார்கள். வெறும் வாய்ச் சொல்லை அவர்கள் ஏற்கவில்லை. மூலிகை சாப்பிடுகிறவர் சோற்றையும் இனிப்பையும் குறைத்துக்கொண்டால் சர்க்கரை தானாகவே குறையும். பெயர் மட்டும் மூலிகைக்குப் போய்விடும். ஆகவே சிறுநீரிலும் ரத்தத்திலும் உள்ள சர்க்கரையை அளந்தே தீர்ப்புக் கூற வேண்டும்.

1925-ல் முடிவு வெளிவந்தது. கோவையால் சர்க்கரை குறையவில்லை!

மூலிகைகளின் பெருமையை நாட்டவே சோப்ரா பாடுபட்டார். ஆனாலும் கிடைத்த முடிவை அவர் மறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடியே அச்சிட்டார். நோயாளி பொய்யை நம்பி உயிரை இழக்கக்கூடாது அல்லவா? 1928-ல் சிறுகுறிஞ்சானையும் சோதித்தார். வாயில் மென்றால் இனிப்புச் சுவையே தெரியாமல் செய்யும் இலை அது.

பலித்த மூலிகை

எல்லா மூலிகையும் ஏமாற்றவில்லை. சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1933-ல் சோப்ராவின் குழு எழுதியது. 1952-ல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்னும் மருந்துப் பொருளை சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்தார்கள். உலகெங்கும் அது பயன்பட்டது.

1930-ல் மருந்து விசாரணைக் குழுவுக்கு சோப்ரா தலைவரானார். போலி மருந்தும் கலப்பட மருந்தும் கடைகளில் மலிந்திருந்த காலம் அது. அந்தக் குழுவின் அறிக்கையே 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்கு வழி வகுத்தது. 1941-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

பின்னர் காஷ்மீர் சென்றார். ஜம்முவில் மருந்து ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தினார். 1973-ல் ஸ்ரீநகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 90.

சோதனை தொடர்கிறது

கோவையின் கதை அத்துடன் முடியவில்லை. 2008-ல் பெங்களூர் டாக்டர்கள் முடிவு ஒன்றை வெளியிட்டார்கள். புதிதாக நீரிழிவு கண்ட சுமார் 60 பேரை அவர்கள் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கோவைச் சத்தை 90 நாள் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை அவர்களுக்கு 16 சதவிகிதம் குறைந்தது. 1990-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிறுகுறிஞ்சான் சத்து பயன் தருவதாக எழுதினார்கள். ஆனால் இவை சிறு சோதனைகள். இவற்றை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவது ஆபத்து.

முதல் சோதனையில் தோற்றது அடுத்த சோதனையில் ஓரளவு தேறலாம். இன்று தேறியது நாளை தோற்கவும் செய்யலாம். பழமை என்பதற்காகப் போற்றவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். அளந்து பார்ப்போம் என்பதே சோப்ரா காட்டிய வழி.

வேலியில் கோவைப்பழம் இன்றும் சிவக்கிறது. அதைப் பார்க்கும்போது அந்தக் கர்னலையும் நினைத்துக்கொள்ளலாம்.