இறைவனுக்கு மட்டுமே பணிந்த தேவசகாயம்

துன்பம் வரும்போது அதனை ஆண்டவரின் சித்தமென ஏற்று, முழந்தாளிட்டு மன்றாட வேண்டும் என்று நம் பெரியோர் நமக்குக் கற்பித்தனர். அது நல்ல போதனையே. ஆயினும் அதே சொல்லை எடுத்துக்கொண்டு, வறுமையும் இழிவும் உங்களுக்கு விதிக்கப்பட்டவை, வாய் திறவாது இருங்கள் என்று நம்மிடம் உரைத்தோரும் உண்டு. இவ்விரண்டும் ஒன்றல்ல. இறைவனுக்குப் பணிவது வேறு. அநீதிக்குப் பணிவது வேறு. இவ்வேறுபாட்டை விளக்கிக் காட்டும் வாழ்வு, தமிழகத்தின் தென்கோடியில் வாழ்ந்து மறைந்த புனித தேவசகாயத்தின் வாழ்வாகும்.

அவர் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். 1712 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் நாள், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நட்டாலம் என்னும் ஊரில், உயர்ந்ததெனக் கருதப்பட்ட நாயர் குலத்தில் பிறந்தவர். நீலகண்டன் என்பது அவரது இயற்பெயர். அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்ற அவர், மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராகப் பணியாற்றினார். பார்கவி அம்மாள் என்பவரை மணந்தார். செல்வமும் செல்வாக்கும் அவர் இல்லத்தில் நிறைந்திருந்தன.

அந்நிலையில் அவர் குடும்பத்திற்குச் சோதனைக் காலம் வந்தது. பயிர்கள் அழிந்தன, கால்நடைகள் மாண்டன. மனமுடைந்திருந்த அவர், தம் துயரத்தை டிலனாய் என்பவரிடம் எடுத்துரைத்தார். டிலனாய், 1741 ஆம் ஆண்டு நடந்த குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர். மன்னர் அவரது திறமையை உணர்ந்து, தம் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை அவருக்கே அளித்திருந்தார். கத்தோலிக்கரான அவர், விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றை நீலகண்டனுக்குக் கூறினார்.

யோபுவின் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மக்களையும் மந்தைகளையும் இழந்து, உடலெங்கும் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்திருந்த அவரிடம், அவர் செய்த பாவத்தின் பயனே அத்துன்பம் என நண்பர்கள் வாதிட்டனர். யோபு அதனை ஏற்கவில்லை. தம் வழக்கை இறைவனிடமே முறையிட்டார். ஆயினும் இறைவனை விட்டு விலகவில்லை. முடிவில் இறைவன் கடிந்துகொண்டது யோபுவின் நண்பர்களையே. முன்வினைப் பயனென்று கூறித் தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்ட நமக்கு இவ்வரலாறு தரும் ஆறுதல் சிறிதன்று.

நீலகண்டன் உள்ளம் தெளிந்தார். 1745 ஆம் ஆண்டு மே 14 ஆம் நாள், வடக்கன்குளம் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இறைவனின் உதவி என்பது அப்பெயரின் பொருள். அவர் மனைவியும் பின்னர் ஞானப்பூ என்னும் பெயரோடு கிறித்தவரானார்.

அதன்பின் அவர் சாதி வேற்றுமை பாராது, தாழ்த்தப்பட்டோரென ஒதுக்கப்பட்ட மக்களோடு கலந்து பழகினார்; அவர்களோடு அமர்ந்து உண்டார். அக்காலத்தில் அது பெருங்குற்றம். அரண்மனையிலிருந்த சிலர் அவர்மீது பழி சுமத்தினர். 1749 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் சிறைப்பட்டார்.

ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவர் பட்ட பாடுகள் கொடியவை. கைகளில் விலங்கிட்டு, எருமை மீது பின்புறம் நோக்கி அமர்த்தி, ஊர் ஊராக அவரை இழுத்துச் சென்றனர். நாள்தோறும் அடித்தனர். புண்களில் மிளகாய்த் தூளைத் தேய்த்தனர். உடலை வருத்துவதைவிட மானத்தை அழிப்பதே அவர்களின் நோக்கமாக இருந்தது. பெருவிளையில் மரத்தில் பிணித்து வைத்திருந்தபோதும் அவர் மன்றாட்டை விடவில்லை. வேடிக்கை காண வந்தோர், நாளடைவில் தமக்காக வேண்டிக்கொள்ளுமாறு அவரிடம் கேட்கத் தொடங்கினர். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடிய அவர் முழந்தாளிட்டு வேண்டியபோது பாறையில் நீர் சுரந்ததாக மக்கள் இன்றும் நம்பி அங்கு வருகின்றனர்.

புதிய நெறியைக் கைவிட்டிருந்தால் அவர் விடுதலை பெற்றிருக்கலாம். இழந்த பதவியையும் பெற்றிருக்கலாம். அவர் தம் உயிரை இறைவன் கையில் ஒப்படைத்தார். ஆனால் தம் மனச்சான்றை மன்னன் கையில் ஒப்படைக்கவில்லை. 1752 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில், வேண்டுதல் செய்யச் சிறிது நேரம் கேட்டுப் பெற்று, வேண்டி முடித்தபின் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார். அப்போது அவருக்கு வயது நாற்பது நிரம்பவில்லை. காட்டில் எறியப்பட்ட உடலின் எலும்புகளை மக்கள் தேடி எடுத்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

இங்கு ஒரு கசப்பான உண்மையையும் நாம் மறைத்தல் கூடாது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில், வழிபட வருவோரைச் சாதிவாரியாகப் பிரிக்கச் சுவர் ஒன்று நின்றது. கௌசானல் அடிகளார் 1910 ஆம் ஆண்டில் அதனை இடிக்கச் செய்தார். மதம் மாறியதனால் மட்டும் மனம் மாறிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2012 ஆம் ஆண்டு நாகர்கோவிலில் தேவசகாயம் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2022 ஆம் ஆண்டு மே 15 ஆம் நாள், உரோமையில் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் இப்பேறு பெற்ற முதல்வர் அவரே. அவ்வறிவிப்பில் அவர் பெயரோடு சாதிப் பட்டம் இடம்பெறவில்லை. அவர் உயிரோடிருந்தபோது துறந்ததை உலகம் ஏற்க இருநூற்றெழுபது ஆண்டுகள் ஆயின.

அயனம்பாக்கத்து இளைஞர்களே! எங்களுக்கு எழுதியது இவ்வளவுதான் என்று கூறிப் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளை ஆசிரியப் பணியில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அது இறைவனுக்குப் பணிதல் அன்று. பிறர் வகுத்த விதிக்குப் பணிதல். நோயும் இழப்பும் வரும்போது மன்றாடுங்கள். முடிவை இறைவனிடம் விடுங்கள். ஆனால் எவரேனும் உங்களைத் தாழ்ந்தவர் என்று கூறினால், அதனை இறைவனின் சித்தமென ஏற்காதீர்கள். முழந்தாளிடும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மற்ற இடங்களிலெல்லாம் நிமிர்ந்து நில்லுங்கள்.