நாக்குக் கல்லின் உண்மை கண்ட ஆயர்

களுதாவளைக் கரையில் கறிக்குச் சுறா வெட்டும் தாய்மாருக்கு ஒன்று தெரியும்: அதன் உடலில் இருப்பது கடின எலும்பல்ல, குருத்தெலும்பே. மடிந்த சுறாவில் அது பெரும்பாலும் உக்கிப்போகும். பற்களோ கல்லாகி நிலைக்கும். அப்படிக் கல்லான பற்களின் உண்மையை நாட்டிய ஒருவர் பிற்காலத்தில் ஆயரானார். அவரே நிக்கொலாஸ் ஸ்டீனோ.

1638ஆம் ஆண்டு டென்மார்க்கின் கொப்பன்கேகனில், லூத்தரன் சபையைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். மருத்துவம் கற்று, கன்னத்து உமிழ்நீர்க் குழாயைக் கண்டறிந்தார். இதயம் ஒரு தசையே என்று விளக்கினார். 1666இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு வந்தார்.

அவ்வாண்டு ஒக்டோபரில் லிவோர்னோ அருகே மீனவர் பெருஞ்சுறா ஒன்றைப் பிடித்தனர். அதன் தலையை ஆராயும் பணி ஸ்டீனோவுக்குக் கிடைத்தது. அதன் பற்கள் மால்ட்டாத் தீவின் பாறைகளில் கிடைக்கும் நாக்குக் கற்களை ஒத்திருக்கக் கண்டார்.

அக்கற்கள் எவை? புனித சின்னப்பர் அத்தீவில் பாம்புக் கடிக்குத் தப்பியபோது பாம்புகளின் நாக்குகளே கல்லாயின என மக்கள் நம்பினர். நஞ்சு முறிக்குமென்று அணிந்தும் கொண்டனர். வேதாகமம் கூறுவது அப்போஸ்தலர் தப்பியதை மட்டுமே; கல்லின் கதை பின்னர் மக்கள் சேர்த்தது. கொலொன்னா என்ற அறிஞர் 1616இலேயே அவை சுறாப் பற்கள் என்று எழுதியும் பலர் ஏற்கவில்லை. ஸ்டீனோ பல்லையும் கல்லையும் ஒப்பிட்டு, தம் முடிவை 1667இல் அடக்கத்தோடு வெளியிட்டார். நீரடியில் சேறு படை படையாகப் படிந்து பாறையாகிறது, அடிப்படையே மூத்தது என 1669இல் விளக்கினார். மண்ணியல் இன்றும் இவ்விதியைக் கைக்கொள்கிறது.

அந்த மால்ட்டாக் கற்களுள் மிகப் பெரியவை, ஏறத்தாழ 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன மெகலடோன் சுறாவினுடையவை என்று பிற்கால அறிஞர் கண்டனர். அதன் பல் 17 சென்ரிமீற்றர் வரை நீளும்.

1667 நவம்பரில் ஸ்டீனோ கத்தோலிக்கரானார். 1675இல் குருவாகி, 1677இல் ஆயரானார். புகழ் தந்த ஆராய்ச்சியைப் பெரிதும் விட்டு, வட ஜெர்மனியில் சிதறி வாழ்ந்த சிறு மந்தைக்கு உழைத்தார். ஏழைகளுக்காக ஆயர் மோதிரத்தையும் விற்றார். 1686இல் ஷ்வேரின் நகரில், 48 வயதில், வறியவராகவே இறந்தார். 1988இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

பெற்றோரே, கடற்கரையில் எடுத்த பல்லொன்றை உங்கள் பிள்ளை கொண்டுவந்து காட்டினால் எறிந்துவிடாதீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இவர் கதையைச் சொல்லுங்கள். உண்மையைத் தேடிய கேள்விகள் இவருடைய விசுவாசத்தைக் குலைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.