திருவல்லிக்கேணியில் படித்த சுப்பாராவ்

அறிவியல் பாடத்தில் ஏ.டி.பி. என்று வருகிறதே, அதைத் தசையில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம்ம சென்னையில் படித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ல் ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணம். மெட்ரிக்குலேஷனில் இரண்டு தடவை பெயில்! மூன்றாவது தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துப் பாஸானார். பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று ஆபரேஷன் செய்யக் கதர் உடுப்பில் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கொடுத்தார்கள். உடுப்பைப் பார்த்தா பட்டம் கொடுப்பது?

ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச நாள் பாடம் நடத்திவிட்டு, 1922-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மனைவியை அதன்பின் பார்க்கவே இல்லை. பாஸ்டனில் பகலில் படிப்பு, ராத்திரி ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை.

அங்கே ஹார்வர்டில் பிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார். அது பாட்டியின் சுருக்குப்பை சில்லறை மாதிரி. தசை வேலை செய்து ஏ.டி.பி. குறையும்போது உடனே எடுத்துக் கொடுக்கும். எங்க தாத்தா மயிலாப்பூர் குளத்தை ஒரு சுற்று வருவதற்குள் ரெண்டு தடவை நின்னுடுவார், கெண்டைக்கால் அப்படிப் பிடிச்சுக்கும். பீடியால் கால் ரத்தக்குழாய் அடைச்சிருக்குன்னு டாக்டர் சொன்னார். ரத்தம் போதாத தசையில் சில்லறை சீக்கிரம் தீர்ந்துவிடும், திரும்பச் சேர நேரமாகும். இந்த நோயை ஆராய்கிறவர்கள் காலை ஸ்கேன் செய்து, சுப்பாராவ் கண்ட அதே பொருளைத்தான் அளக்கிறார்கள்.

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அவர் குழு செய்ததெல்லாம் எழுத இந்தத் தாளில் இடம் போதாது. வாரா வாரம் பள்ளியில் தருகிற நீல மாத்திரையில் இரும்புச்சத்தோடு இருக்கிற போலிக் அமிலத்தை 1945-ல் செயற்கையாகத் தயாரித்தது அந்தக் குழுதான். 1947-ல் யானைக்கால் நோய்க்கு டி.இ.சி. மருந்து. கொசு கடித்து உடம்புக்குள் போகும் புழுவின் குஞ்சுகளை அது ரத்தத்திலேயே ஒழிக்கும். வீடு வீடாக வந்து கொடுத்த அந்த மாத்திரையை நம்ம அப்பா அம்மா முழுங்கியிருப்பாங்க, கேட்டுப் பாருங்க!

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. இந்தியாவுக்குத் திரும்பி வரவே இல்லை. 1995-ல் அவர் படம் போட்ட தபால்தலை வந்தது.