சிடியில் வந்த லினக்ஸ்: அதுல் சிட்னிஸ்

உங்க லேப்டாப்ல லினக்ஸ் போடணும்னா இன்னைக்கு என்ன செய்வீங்க? ஹாஸ்டல் வைஃபைல உபுண்டுவை இறக்குவீங்க, பென்டிரைவ்ல எழுதுவீங்க, ரீஸ்டார்ட் பண்ணுவீங்க. ஒரு மதியம் போதும்.

இதையே 1996-ல் செய்றதா நினைச்சுப் பாருங்க. கையில் இருப்பது 14.4 கேபிபிஎஸ் மோடம். ஒரு முழு சிடி, அதாவது 650 எம்.பி. இறக்க, போன் லைன் ஒரு தடவைகூட அறுபடாமல் இருந்தாலும் சுமார் 100 மணி நேரம் ஆகும். நாலு நாளுக்கு மேல! போன் பில்லை வீட்டுல யார் கட்டுறது?

அந்த நாலு நாளை ஒரு பத்திரிகைக் கடைக்குப் போயிட்டு வர்ற நேரமா சுருக்கினவர் அதுல் சிட்னிஸ். பிசிகுவெஸ்ட் பத்திரிகை 1996-ல் லினக்ஸ் சிடியை இதழோடு சேர்த்துக் கொடுத்ததற்குப் பின்னால் இருந்தவர்.

1962 பிப்ரவரி 20-ல் ஜெர்மனியில், பெர்லினில் பிறந்தார். இன்ஜினியரிங் படித்தது கர்நாடகாவின் பெல்காமில், நம்மளை மாதிரியே பெருநகரத்துக்கு வெளியே ஒரு காலேஜில். பிறகு பெங்களூர். 1989-ல் அங்கே சிக்ஸ் என்ற புல்லட்டின் போர்டை நடத்த ஆரம்பித்தார். புல்லட்டின் போர்டுன்னா, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு போன் நம்பர். நீங்க உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து அந்த நம்பருக்கு டயல் பண்ணி, மத்தவங்க விட்டுட்டுப் போன செய்தியைப் படிச்சு, பதில் எழுதிட்டு லைனைக் கட் பண்ணணும். சென்னை உட்பட சில நகரங்களில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். இவர் அதற்கு ஆறு வருஷம் முன்னாடியே ஆட்களைக் கம்ப்யூட்டர் வழியா பேச வைத்துக்கொண்டிருந்தார்.

சிடியில் இருந்தது ஸ்லாக்வேர். விண்டோஸ் 95-ல் மவுஸைக் கிளிக் செய்து பழகின கைக்கு அது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். ஹார்ட் டிஸ்க்கை நீங்களே பிரிக்கணும். பார்ட்டிஷன் நம்பரைத் தப்பாகக் கொடுத்தால் வீட்டிலிருக்கும் விண்டோஸ் மொத்தமும் காலி. (இந்த பயம் இன்னும் போகலை. போட்டோ, ப்ராஜெக்ட் எல்லாத்தையும் முதல்ல வேற இடத்துல காப்பி எடுத்து வெச்சுடுங்க.) அதனால் சிடியோடு விளக்கக் கட்டுரைகளும் வந்தன. அடுத்தடுத்த வருஷங்களில் புது சிடிகள் வந்தன. மாட்டிக்கொண்டவர்கள் கேட்க ஊருக்கு ஊர் பயனர் குழுக்கள் உருவாயின. சென்னைக் குழு பல வருஷம் ஐஐடி வளாகத்தில் மாதாமாதம் கூடியது. தாம்பரத்துலேர்ந்து வர்றவங்க கிண்டியில இறங்கி ஒரு பஸ் பிடிச்சா போதும்.

எனக்கு அவரிடம் பெரிசா தெரிவது சிடியைவிட இந்தக் கூட இருந்த உதவிதான். 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பை எடுத்துக்கோங்க. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அதை உருவாக்கியது சி-டாக்கின் சென்னை மையம். இறக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம், எல்லாம் ரெடி. உங்க அண்ணன், அக்கா யாராவது அந்த லேப்டாப் வாங்கியிருந்தா கேட்டுப் பாருங்க, பாஸை எத்தனை நாள் திறந்தாங்கன்னு. பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்துல அந்தப் பார்ட்டிஷன் சும்மாதான் கிடந்திருக்கும்.

2001-ல் லினக்ஸ் பெங்களூர் மாநாடு தொடங்கியது. 2005-லிருந்து அதன் பெயர் ஃபாஸ் டாட் இன். இதில் ஒரு திருப்பம் வந்தது. புதுசா வர்றவங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் கூட்டமாக ஆரம்பித்ததை, போகப் போக நிரல் எழுதிப் பங்களிப்பவர்களின் இடமாக அவர் மாற்றினார். இந்தியா லினக்ஸை எடுத்துப் பயன்படுத்துது, திருப்பி எதுவும் கொடுக்கலை என்ற ஆதங்கம் அவருக்கு. நியாயமானதுதான். ஆனா நேத்துதான் லினக்ஸ் போட்ட ஒரு செகண்ட் இயர் பையன் அந்த மாநாட்டுக்குள்ள போயிருந்தா எங்கே உட்கார்ந்திருப்பான்னும் நான் யோசிக்கிறேன். இவ்வளவு பேருக்குக் கதவைத் திறந்துவிட்டவரே வாசலைக் கொஞ்சம் உயர்த்தினது எனக்கு இன்னும் உறுத்துது.

2012 ஆகஸ்டில் அவருக்குக் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த வருஷக் கடைசியிலும் மாநாடு நடந்தது; அதுவே கடைசி. 2013 ஜூன் 3-ல் பெங்களூரில் இறந்தார். வயது 51.